வால் சொல்லும் சேதி

பூஞ்சைக்கு அடிக்கிற மருந்து தவளையை எப்படிப் பாதிக்கும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பூஞ்சையைச் செடியோடு சேர்த்துப் பார்ப்பதால் வரும் சந்தேகம் இது. பரிணாம உறவில் பூஞ்சை நமக்கும் தவளைக்கும்தான் நெருக்கம். செடிகள் தூரத்து உறவு. ஸ்ட்ரோபிலுரின் வகை மருந்துகள் பூஞ்சை செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் மூச்சுச் சங்கிலியை அடைக்கின்றன. அதே சங்கிலி தவளைக்கும் உண்டு. 2013இல் வெளியான ஆய்வொன்றில், அவ்வகையைச் சேர்ந்த பைராக்ளோஸ்ட்ரோபின் கலந்த ஒரு மருந்தைப் பரிந்துரைத்த அளவிலேயே தெளித்ததும் இளந்தவளைகள் அத்தனையும் ஒரு மணி நேரத்தில் இறந்தன.

சாகாமல் தப்புகிறவற்றுக்கு நேர்வது இன்னும் நுட்பமானது. அதைச் சொல்ல வாலில் தொடங்க வேண்டும்.

தலைப்பிரட்டையின் கால் முளைப்பதும் வால் கரைவதும் ஒரே தைராய்டு ஹார்மோனால்தான். 1912இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டைத் தின்னக் கொடுத்தார்; வளர்ந்து முடியும் முன்பே அவை குட்டித் தவளைகளாகிவிட்டன. ஒரே ஹார்மோன் காலை 'வளர்' என்றும் வாலை 'செத்துப்போ' என்றும் ஏவுகிறது! அதிலும் வரிசை தவறுவதில்லை. கால் செல்கள் கொஞ்ச ஹார்மோனுக்கே இசைந்துவிடும். வாலோ தன்னிடம் வரும் ஹார்மோனைச் சிதைக்கும் நொதியை வைத்துக்கொண்டு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். காலுக்கு முன் வால் போனால் நீந்தவும் முடியாது, தாவவும் முடியாது. இந்த ஏற்பாட்டை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இப்போது மான்கோசெப் என்ற இன்னொரு பூஞ்சைக்கொல்லிக்கு வருவோம். அது சிதையும்போது எத்திலீன்தயோயூரியா என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. ஹார்மோனில் அயோடினைக் கோக்கும் பெராக்சிடேஸ் நொதியை அது முடக்குகிறது. ஹார்மோன் குறைந்தால் தலைப்பிரட்டை தலைப்பிரட்டையாகவே நின்றுவிடும். அது வளர்வது வற்றும் குட்டை என்றால் தாமதமே மரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. ஹார்மோன் குலைவும் அதற்கொரு காரணம்.

மருந்துகளுக்கு அனுமதி தரும்போது தலைப்பிரட்டைக்குப் பதிலாக மீனைச் சோதித்து முடிவெடுப்பது பல நாடுகளின் வழக்கம். இது எனக்கு ஏற்புடையதே இல்லை. மீனுக்குக் கால் முளைப்பதுண்டா, வால் கரைவதுண்டா? தலைப்பிரட்டைகளை 21 நாள் மருந்து கலந்த நீரில் வளர்த்து, பின்னங்கால் நீளத்தை அளந்து, தைராய்டைப் பரிசோதிக்கும் முறை 2009 முதலே இருக்கிறது. வயலில் தெளிக்கும் ஒவ்வொரு பூஞ்சைக்கொல்லிக்கும் அதைக் கட்டாயமாக்கி, அதற்கான பணத்தையும் ஒதுக்க வேண்டும்.