காப்பகம் இருக்கிறது, சாவிதான் இல்லை

தொட்டிலில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை. கோவையில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். அங்கே கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண் குழந்தைக் காப்பகம் கேட்கப் போனபோது துணையாகப் போயிருந்தேன். மகனுக்கு ஒன்றரை வயது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த மாமியாருக்கு முழங்கால் வலி, ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட முடியவில்லை. "காப்பகம்தான் இருக்கே மேடம்" என்று எச்.ஆர். தம்பி மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையைக் காட்டினார். பூட்டியிருந்தது. சாவி செக்யூரிட்டியிடம். செக்யூரிட்டி டீ குடிக்கப் போயிருந்தார். ஒருவழியாகத் திறந்தால், பழைய பில் புத்தகக் கட்டுகள், கால் உடைந்த இரண்டு நாற்காலி, நடுவில் புதுத் தொட்டில். பார்த்துக்கொள்ள ஆள் எங்கே என்றோம். "குழந்தை வந்தா ஆள் போட்டுடுவோம்." ஆள் இல்லாத அறையில் எந்தத் தாய் பிள்ளையை விட்டுவிட்டு வேலை பார்ப்பாள்?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம், ஓய்வு இடைவேளையும் அந்த நான்கில் சேர்த்தி. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017 திருத்தம் இதைச் சேர்த்தது. காப்பகப் பகுதி அந்த வருடம் ஜூலை 1 முதல் அமல். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 வந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை, இதே உரிமை அதில் பிரிவு 67. சட்டம் மாறிவிட்டதால் உரிமையும் போய்விட்டது என்று யாராவது சொன்னால், பிரிவு எண்ணைச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்.

இனி மாட்டிவிடுகிற இடங்களுக்கு வருவோம்.

அதிகம் பேர் ஏமாறுவது தலைக்கணக்கில். "நம்ம ஆபீஸ்ல பொம்பளைங்களே இருபத்தஞ்சு பேர்தானே" என்பார்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 30 பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் என்று ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பழைய கணக்கு இன்னும் அவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரிவு 67 கேட்பது ஊழியர்கள் 50 பேரை, ஆண் பெண் எல்லாரையும் சேர்த்து. 45 ஆணும் 5 பெண்ணும் இருந்தாலும் கணக்கு நிறைந்துவிட்டது.

அடுத்தது ஏஜென்சி. "நீங்க எங்க பேரோல்லயே இல்லை, கான்ட்ராக்டர் ஆளு, அங்க போய்க் கேளுங்க." கான்ட்ராக்டரிடம் போனால், "வேலை வாங்குறது அவங்க, நான் வெறும் சம்பளம் போடுறவன்" என்பார். இப்படி இரண்டு மாதம் பந்தாடப்பட்ட ஒரு பெண் கடைசியில் வேலையையே விட்டுவிட்டாள். நேரடியாகச் சேர்ந்தவர், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர் இருவருமே ஊழியர் என்றுதான் சட்டத்தின் வரையறை. அதை எழுதிக் காட்டிய பிறகும் அந்த எச்.ஆர். "லீகல்ல கேக்குறேன்" என்றார். கேட்டாரா என்று இன்றுவரை தெரியாது.

ஐம்பது பேர் இருக்கிறார்கள் என்று எப்படி நிரூபிப்பது? யாரிடமும் கெஞ்ச வேண்டாம். பி.எஃப். அமைப்பின் இணையதளத்தில் நிறுவனத்தைத் தேடும் பக்கம் உண்டு. பெயரைப் போட்டால், மாதாமாதம் எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்று வரும். தேதி தெரிகிற மாதிரி பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். பிடிக்காமல் வேலை வாங்குகிற நிறுவனமாக இருந்தால் அந்த எண்ணிக்கை குறைவாகத்தான் காட்டும். அப்போது வருகைப் பதிவு, ஷிப்ட் பட்டியல் போன்றவற்றின் போட்டோதான் துணை.

மூன்றாவது கண்ணி, ஓடியாடுகிற வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கே வைத்தது. பாலூட்டும் இடைவேளை என்று இன்னொரு உரிமை இருக்கிறது. வழக்கமான ஓய்வுக்கு மேல் தினமும் இரண்டு முறை, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை. காப்பகமும் நான்கு முறை போய்வருவதும் அதிலிருந்து வேறு. இரண்டையும் வேண்டுமென்றே குழப்பி, "பதினஞ்சு மாசம் முடிஞ்சிடுச்சு, இனிமே எதுவும் கிடையாது" என்று கோவைப் பெண்ணிடமும் சொன்னார்கள். 15 மாதக் கெடு பாலூட்டலுக்கு மட்டும். மத்திய அரசின் 2018 வழிகாட்டு நெறிமுறை காப்பகத்துக்குச் சொல்லும் வயது, 6 மாதம் முதல் 6 வருடம் வரை. தூரம், 500 மீட்டருக்குள். பஸ் ஏறிப் போகிற காப்பகத்தைக் காட்டினால் அதற்குப் பெயர் வசதி இல்லை.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை நம்பி வீட்டில் எந்த ஏற்பாட்டையும் கலைக்காதீர்கள். வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருதரப்பும் ஒத்துக்கொண்டால், முதலாளி அனுமதிக்கலாம் என்றுதான் இருக்கிறது. 'லாம்' என்ற அந்தச் சின்ன வாலை வைத்து ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அப்பாக்கள் கேட்பதுண்டு. நான்கு முறை போய்வரும் உரிமையைப் பெண்ணுக்கு மட்டும்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். பிள்ளை வளர்ப்பு யார் தலையில் என்று சட்டம் எழுதியவர்களுக்கு ஒரு முடிவு இருந்திருக்கிறது போல.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாட்டில் முன்பருவக் கல்விக்கு 2 வயது ஆக வேண்டும். ஆறு மணிக்கு ஷிப்ட் முடிகிறவளுக்காக அதுவரை திறந்தும் வைக்க மாட்டார்கள்.

சரி, என்ன செய்வது? வாயால் கேட்காதீர்கள். வாயால் கேட்டதற்கு வாயால் பதில் வரும், பிறகு "அப்படிச் சொல்லவே இல்லை" என்றும் வரும். மின்னஞ்சல் போதும், நான்கு வரி: என் குழந்தையின் வயது இவ்வளவு, நிறுவனத்தில் 50 பேருக்கு மேல் இருக்கிறோம், பிரிவு 67இன்படி காப்பக வசதி எங்கே, பொறுப்பாளர் யார், எந்தத் தேதியிலிருந்து குழந்தையை விடலாம். இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பூட்டிய அறையை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் எழுத முடியாது. நகலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். வேலை போகும் அன்று கம்பெனி மின்னஞ்சல்தான் முதலில் போகும். முடிந்தால் இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து அனுப்புங்கள், தனியாள் மேல்தான் எரிச்சல் பாயும்.

பதில் வராவிட்டால் புகார். இங்கேதான் அடுத்த அலைச்சல். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். கடை, ஐ.டி., ஆஸ்பத்திரி, அலுவலகம் என்றால் தொழிலாளர் துறை. மாறிப் போனால் "இது எங்க லிமிட் இல்லை" என்று வாய்மொழியாகத் திருப்புவார்கள். திருப்பினால் போகட்டும், மனுவைக் கொடுத்து ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். எங்கே அனுப்புவது என்பது அவர்கள் வேலை. 'முதல்வரின் முகவரி'யில் போட்டாலும் (1100) சுற்றி அதே மேசைக்குத்தான் வரும், ஆனால் எண் ஒன்று கிடைக்கும். ஆய்வுக்கு வந்துபோனார்களா என்று தெரியவில்லையா? தனியார் நிறுவனத்திடம் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமை) மனு செல்லாது, துறையிடம் செல்லும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஆய்வறிக்கையின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

கோவையில் மின்னஞ்சல் போன ஒன்பதாம் நாள் பில் கட்டுகளை அள்ளினார்கள். ஆயா ஒருவரை இன்னும் 'பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்'. மனு ரசீது அந்தப் பெண்ணின் கைப்பையில், தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்தபடி இருக்கிறது.