எச்.பி.வி ஊசி: இங்கிலாந்தில் 25ஆவது பிறந்தநாளுக்கு முன் கேட்டு வாங்குங்கள்

கருப்பை வாய்ப் புற்றுநோயிலிருந்து மீண்ட அக்காமார் சிலர் லண்டனில் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப் பள்ளி வாசல்களிலும் தாய்மாரிடம் சொல்லி வருவது ஒன்றுதான்: பிள்ளைக்கு எச்.பி.வி ஊசியைப் போட்டுவிடுங்கள். கேட்கிறவர்களும் சரி என்றுதான் தலையாட்டுகிறார்கள். பிறகு ஏதோ ஒரு கவுன்டரில் காரியம் நின்றுவிடுகிறது.

திட்டம் சின்னதுதான். இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் எச்.பி.வி வைரஸால் வருவது. அதனால் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ் 2008 முதல் பெண் பிள்ளைகளுக்கும், 2019 முதல் ஆண் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே, இயர் 8இல் (12-13 வயது வகுப்பு), இலவசமாக ஊசி போடுகிறது. 2023 செப்டம்பரிலிருந்து ஒரே ஊசி போதும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மட்டும் மூன்று. 12-13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் வெளிவந்த ஆய்வு சொன்னது.

இனித் தலைவலிகள். சம்மதப் படிவம் பெரும்பாலும் மின்னஞ்சலில் வருகிறது. பள்ளியில் கொடுத்திருப்பது அப்பாவின் பழைய முகவரியாக இருக்கும், அல்லது படிவம் குப்பை அஞ்சலில் கிடக்கும். காகிதமாக வந்தால் புத்தகப் பையின் அடியில், வாழைப்பழத் தோலோடு. நீங்கள் பதில் போடாததை மறுப்பு என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் அன்று வரிசையில் உங்கள் பிள்ளை நிற்காமல் போகலாம். இயர் 8 தொடங்கியதும் “ஊசி எந்தத் தேதி?” என்று நீங்களே கேளுங்கள்.

தவறிவிட்டதா? பள்ளியைக் கேட்டால் “நாங்கள் போடுவதில்லை, ஜீபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) போங்கள்” என்பார்கள். ஜீபி ரிசெப்ஷனில் “அது பள்ளி விஷயம்” என்பார்கள். இரண்டு பேரும் பாதி உண்மைதான் சொல்கிறார்கள். பள்ளிக்கு வந்து ஊசி போடுவது தனிக் குழு. அந்தக் குழுவின் தொலைபேசி எண்ணைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். விடுபட்டவர்களுக்கு அவர்களே வேறு நாள் கொடுப்பார்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்ட பிள்ளை என்றால் நேரே ஜீபிதான்.

மிக மோசமானது வயது வரம்பு. இந்தத் திட்டத்தில் 25ஆவது பிறந்தநாள் வரை மட்டுமே இலவசம். ஆண்களில் 2006 செப்டம்பர் 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும். ஊரிலிருந்து படிக்க வந்த 24 வயதுப் பிள்ளைகள் இதில்தான் அடிபடுகிறார்கள். ஜீபியிடம் பதியப் போன, எனக்குத் தெரிந்த ஒருத்தியிடம் பாஸ்போர்ட் கேட்டார்கள், அப்புறம் கரன்ட் பில் கேட்டார்கள். அறை வாடகைக்கு இருப்பவளின் பெயரில் எந்த பில் வரும்? அலைந்து முடிப்பதற்குள் பிறந்தநாள் வந்துவிட்டது. இனித் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள்: இங்கிலாந்தில் ஜீபியிடம் பதிய அடையாள அட்டையோ, முகவரிச் சான்றோ, விசா நிலையோ காட்டியாக வேண்டும் என்ற விதி கிடையாது. இது என்.எச்.எஸ் தானே சொல்வது. அதை ரிசெப்ஷனில் இருப்பவருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பதுதான் கொடுமை. பிறந்தநாள் நெருங்குகிறது என்றால் அந்தத் தேதியைச் சொல்லியே அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள்.

16 வயதாகாத பிள்ளையும், விஷயம் புரிந்தவள் என்று நர்ஸுக்குத் தோன்றினால், தானே சம்மதிக்கலாம். சில அப்பாமாருக்கு இது கோபம். வருவதைத் தடுக்கும் ஊசிக்கு எதற்குக் கோபம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

ஊசி போட்டாயிற்று என்று ஸ்மியர் பரிசோதனையை, அதாவது பெண்களுக்கான கருப்பை வாய்ப் பரிசோதனையை, விட்டுவிடாதீர்கள். எல்லா வகை எச்.பி.வியையும் ஊசி தடுக்காது. 25 முதல் 64 வயது வரை அழைப்பு வரும். கடிதமாக வந்தால், ஜீபியிடம் கொடுத்த முகவரிக்குத்தான். வீடு மாறி அதைச் சொல்லாவிட்டால் அது பழைய வீட்டிலேயே கிடக்கும். பெண் நர்ஸ் வேண்டும் என்று கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். மொழிபெயர்க்க மகனைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், பாவம் அவன்.

பதிய முடியாது என்று விரட்டினால் சண்டை வேண்டாம். “காரணத்தை எழுத்தில் தாருங்கள்” என்று மட்டும் கேளுங்கள். 14 நாட்களுக்குள் எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. வாயால் “முடியாது” என்பவர்கள் எழுதச் சொன்னதும் பதிவுப் படிவத்தை எடுத்து நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.