கியர் இல்லாமல் பனிமலை ஏறும் வண்டி

புதிய மலை ஸ்னோமொபைலை முதன்முதலாக ஓட்டிவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே சந்தேகத்தோடுதான் வருகிறார்கள். த்ராட்டிலை (கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டரை) முழுதாக அழுத்தினால் ஆர்.பி.எம்., அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று, 8,000-ஐ ஒட்டிப் போய் நின்றுவிடுகிறது. வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சரிவு செங்குத்தானால் வேகம் இறங்குகிறது, ஆனால் இன்ஜின் சத்தம் துளியும் மாறுவதில்லை. கார் ஓட்டிப் பழகிய காதுக்கு இது கோளாறாகத்தான் கேட்கும். உண்மையில் வண்டி மிகச் சரியாக இயங்குகிறது என்பதற்கு அந்த மாறாத சத்தமே அத்தாட்சி.

வண்டியின் அமைப்பு எளிது. முன்னால் இரண்டு ஸ்கீ, பின்னால் அகலமான ஒரே ரப்பர் ட்ராக். கனடாவின் ரெவல்ஸ்டோக் போன்ற ஆழப்பனி மலைகளில் ஓடும் ஸ்கி-டூ சம்மிட், போலாரிஸ் ஆர்.எம்.கே. வகை வண்டிகளில் 850 சிசியை ஒட்டிய இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் இருக்கும். திறன் சுமார் 165 குதிரைத்திறன். பெட்ரோல் ஊற்றாத எடை 200 கிலோவை ஒட்டி வரும். எடைக்குத் திறன் என்று கணக்குப் பார்த்தால் விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் இதற்குப் பின்னால்தான் நிற்கும். இன்ஜினின் சுழற்சி ஒரு பெல்ட் வழியாகப் போய், செயின் அல்லது பல் பெல்ட்டில் வேகம் குறைந்து, ட்ராக்கைச் சுற்றுகிறது. நாம் பார்க்க வேண்டியது நடுவிலிருக்கும் அந்த முதல் பெல்ட்டைத்தான்.

நம் ஊரில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டர்களிலும் இதே சி.வி.டி. (கியர் படிகள் இல்லாமல் விகிதம் மாறும்) அமைப்புதான். இரண்டு புல்லிகள், ஒவ்வொன்றும் எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புத் தட்டுகள், இடையில் 'V' வடிவ பெல்ட். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும், விலகினால் நடுத்தண்டை நோக்கி இறங்கும். முன் புல்லியில் ஏறினால் பின் புல்லியில் இறங்கியாக வேண்டும், ஏனென்றால் பெல்ட்டின் நீளம் மாறாது. தொடக்கத்தில் இன்ஜின் ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றினால் பின் புல்லி ஒரு சுற்று. முழு வேகத்தில் பின் புல்லி இன்ஜினையே முந்தும். இடைப்பட்ட விகிதம் எதுவானாலும் கிடைக்கும், படிகள் கிடையாது.

ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஸ்கூட்டரில் பெல்ட் எப்போதும் இறுக்கமாக இருக்கும். வண்டியை நகர்த்த பின்சக்கரத்தருகே தனி கிளட்ச் இருக்கிறது. ஸ்னோமொபைலில் முன் புல்லியே கிளட்ச். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது தட்டுகள் விலகி நிற்க, பெல்ட் சும்மா கிடக்கும். 3,500-ஐத் தாண்டும்போது தட்டுகள் பெல்ட்டைக் கவ்வுகின்றன. புதிதாக ஓட்டுபவரை முதலில் திடுக்கிட வைப்பது இந்தக் கவ்வல்தான். கட்டைவிரலை மெல்ல அழுத்த அழுத்த ஒன்றுமே நடக்காது. திடீரென்று வண்டி பாயும்.

கவ்வுவதற்கான விசை எங்கிருந்து வருகிறது? முன் புல்லிக்குள் கீல் போட்ட சிறு உலோக எடைகள் இருக்கின்றன, பெரும்பாலும் மூன்று. புல்லி சுழலும்போது அவை வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். விரியும்போது ரோலர்களை அழுத்தி நகரும் தட்டைத் தள்ளும். ஒரு ஸ்பிரிங் அதை எதிர்த்து நிற்கும். பள்ளிக்கூடச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள்: 70 கிராம் எடை, 6 செ.மீ. ஆரம், நிமிடத்துக்கு 8,000 சுற்று. விடை ஏறக்குறைய 2,950 நியூட்டன், அதாவது 300 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு! உள்ளங்கையில் அடங்கும் உலோகத் துண்டு செய்யும் வேலை அது. மையவிலக்கு விசை சுழற்சி வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 4,000 சுற்றில் அதே துண்டு வெறும் 75 கிலோவுக்குத்தான் இழுக்கும்.

ஆக, முன் புல்லிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பது. அது எப்போதும் மேல் விகிதத்துக்கு, அதாவது வேகம் தரும் பக்கத்துக்கு, போகவே பார்க்கும். பின் புல்லிக்குத் தெரிந்தது வேறு. அதன் நடுவில் சுழல்சரிவாகத் தடம் வெட்டிய ஒரு துண்டு உண்டு, ஹீலிக்ஸ் என்பார்கள். பனியின் எதிர்ப்பு கூடி பெல்ட்டில் முறுக்குவிசை ஏறினால், நகரும் தட்டு கொஞ்சம் முறுக்கிக்கொண்டு அந்தச் சரிவின்மேல் ஏறப் பார்க்கும். ஏறினால் தட்டுகள் நெருங்கும். பெல்ட் வெளியே பிதுங்கும். வண்டி இழுவை தரும் கீழ் விகிதத்துக்கு வரும். முன் புல்லி இன்ஜினைக் கேட்கிறது, பின் புல்லி பனியைக் கேட்கிறது. இருவர் இழுப்பும் சமமாகும் இடத்தில் பெல்ட் நிற்கிறது.

சமவெளியில் முழு த்ராட்டிலில் போய்க்கொண்டிருக்கும் வண்டி மலையடிவாரத்தைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமை ஏறியதும் இன்ஜின் 8,000-லிருந்து 7,800-க்கு இறங்குகிறது. எடைகளின் விசை உடனே 5 சதவீதம் குறைகிறது. அதே கணத்தில் ஹீலிக்ஸ் பெல்ட்டை முன்னைவிட இறுக்கமாக நெருக்குகிறது. முன் புல்லியில் பெல்ட் உள்ளே இறங்குகிறது, பின் புல்லியில் வெளியே ஏறுகிறது, விகிதம் குறைகிறது, இன்ஜின் மூச்சு வாங்கி மறுபடி 8,000-க்கு வந்துவிடுகிறது. நடந்து முடிய ஒரு நொடிகூட ஆவதில்லை. இதில் சென்சார் இல்லை, மின்சுற்று இல்லை, நிரல் இல்லை. கணக்குப் போடுவது சில உலோகத் துண்டுகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும்தான். மனிதன் செய்த இயந்திரங்களில் இதைவிட அழகான பின்னூட்ட அமைப்புகள் குறைவு என்பேன். பொறியியல் கல்லூரிகளில் கட்டுப்பாட்டியல் பாடத்தைக் கரும்பலகைச் சமன்பாட்டில் தொடங்குவதற்குப் பதில், இந்தப் புல்லிகளைக் கழற்றி மேசைமேல் வைத்துத் தொடங்கலாம்.

8,000-ஐ விடாமல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் சைலன்சருக்கு முன்னால் வயிறு பருத்திருக்கும் அந்தக் குழாய். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வெளியேறும் வழியாகவே புதுக் காற்றும் கொஞ்சம் நழுவி ஓடிவிடும். குழாயின் குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலை, புகைவழி மூடுவதற்குச் சற்று முன்பு வந்து சேர்ந்தால், நழுவியதை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அலை நேரத்துக்கு வந்து சேர்வது குறுகிய சுழற்சி எல்லைக்குள் மட்டுமே. குழாய் குளிர்ந்திருந்தால் ஒலியின் வேகம் குறைவு, அலை தாமதிக்கும், உச்சத்திறன் கீழ்ச் சுழற்சிக்கு நகரும். அதனால்தான் கிளம்பிய முதல் சில நொடிகளில் ஆர்.பி.எம். கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு உடனே கிளட்சைத் திருத்தக் கூடாது. குழாய் சூடேறிய பின் வரும் எண்ணே கணக்கு.

உயரம் கூடும்போதுதான் உண்மையான சிக்கல். 3,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. 165 குதிரைத்திறன் 120-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஆனால் எடைகளின் கிராம் அப்படியேதான் இருக்கிறது! இளைத்துப்போன இன்ஜினுக்கு அவை பாரம். முன் புல்லி அவசரப்பட்டு மேல் விகிதத்துக்குப் போக, இன்ஜின் 7,500-லேயே திணறும். குழாயின் அலையும் தப்பிப்போக, இருக்கிற திறனிலும் ஒரு பகுதி போய்விடும். தாழ்வான ஊரில் வாங்கிய வண்டியை மலைக்குக் கொண்டுபோய் 'சோப்ளாங்கி' என்று திட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு எடையிலும் சில கிராம் குறைத்தால் உயிர் வந்துவிடும். எதிர்த்திசைத் தவறும் உண்டு: எடை மிகவும் குறைந்தால் சுழற்சி உச்சத்தைத் தாண்டி ஓடும், சத்தம் மட்டும் மிஞ்சும்.

தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்திய டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைலை ஸ்கி-டூ 2020 மாடலாகக் கொண்டுவந்தது. போலாரிஸ் 2022 மாடலில் பின்தொடர்ந்தது. காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் ஸ்கி-டூவின் அந்த முதல் டர்போவில் 2,400 மீட்டர் வரை 165 குதிரைத்திறன் குறைவதில்லை. இன்ஜின் இளைக்காததால் எடைகளை அடிக்கடி மாற்றும் வேலையும் குறைகிறது. டர்போவால் வேகம் கூடுகிறது என்று மட்டும் நினைப்பவர்கள் பெல்ட்டுக்குக் கிடைக்கும் இந்த நிம்மதியைக் கவனிப்பதில்லை.

புது பெல்ட்டில் முதல் 50 கி.மீ. முழு த்ராட்டில் வேண்டாம். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால் அதன் பக்கங்கள் தட்டுகளோடு சீராகப் பொருந்தும். இன்ஜினுக்கும் முதல் 10 மணி நேரம் அதே பொறுமை தேவை. காலையில் ட்ராக் பனியோடு உறைந்து ஒட்டியிருக்கும். பின்புறத்தைத் தூக்கிப் போட்டு விடுவித்த பிறகே த்ராட்டில் கொடுக்க வேண்டும். ஒட்டிய ட்ராக்கோடு அழுத்தினால் பின் புல்லி நிற்க, முன் புல்லி மட்டும் சுற்றி, பெல்ட்டில் ஒரே இடம் கருகிக் குழியாகும். அதன்பின் கிளம்பும் ஒவ்வொரு முறையும் வண்டி தடதடக்கும். ரப்பர் வாடை வந்தால் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து பின் புல்லியை விரலால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பெல்ட் வழுக்குகிறது: சீரமைப்பு தவறியிருக்கலாம், தட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம், எடைக் கணக்கு பிசகியிருக்கலாம். மாற்று பெல்ட் இல்லாமல் மலைக்குப் போகவே கூடாது. அறுந்த பெல்ட்டின் நார்கள் தண்டுகளில் சுற்றிக்கிடக்கும். அத்தனையையும் எடுத்த பிறகே புதியதைப் போட வேண்டும்.

இனி ட்ராக். 165 அங்குலச் சுற்றளவு, 16 அங்குல அகலம், ஏறக்குறைய 3 அங்குல உயரத் துடுப்புகள் என்பது ஆழப்பனிக்கான அளவு. தரையில் படும் பகுதி சுமார் 160 செ.மீ. வண்டியும் ஆளும் பெட்ரோலும் சேர்ந்து 330 கிலோ என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 0.05 கிலோதான் அழுத்தம். நடக்கும் மனிதனின் ஒற்றைப் பாதம் அதைப்போல ஆறு மடங்கு அழுத்துகிறது. வண்டி மிதந்து நிற்கும் அதே இடத்தில் இறங்கிக் கால் வைத்தவர் இடுப்பளவு புதைவது இதனால்தான். நின்ற நிலையில் முழு த்ராட்டில் கொடுத்தால் துடுப்புகள் பனியைப் பின்னால் வாரி இறைத்து, வண்டி தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். முன்னால் உள்ள பனியைக் காலால் மிதித்துக் கெட்டியாக்கி, சில நிமிடம் விட்டு, மெல்லக் கிளப்ப வேண்டும். மிதித்த பனித்துகள்கள் அந்த இடைவெளியில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும்.

திருப்புவதும் முதலில் குழப்பும். ஸ்கீகளுக்கு இடையே சுமார் 36 அங்குலம்தான். வண்டி எளிதில் சாய வேண்டும் என்றே குறுக்கியிருக்கிறார்கள். ஆழப்பனியில் இடப்பக்கம் போக கால் வைக்கும் இடது பலகையில் எடையைப் போட்டு, ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பி, த்ராட்டிலைச் சற்றே தட்ட வேண்டும். அடிப்பகுதி வலப்பக்கம் நகர, உடல் இடப்பக்கம் சாய்ந்து, வண்டி ட்ராக்கின் இடது விளிம்பில் நின்று வளையும். ஸ்கீ பனியைக் கவ்வாமல் முன்பக்கம் தூக்கினால் சஸ்பென்ஷனின் முன் வார்ப்பட்டையை ஒரு துளை இறுக்கினால் போதும். புது ட்ராக் முதல் சில பயணங்களில் இழுபட்டுத் தளரும். தொய்வைக் கையேட்டு அளவோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

குளிர்விப்புக்கு ரேடியேட்டர் விசிறி கிடையாது. ட்ராக் வாரியடிக்கும் பனி மேலேயுள்ள குழல்களில் பட்டு உருகித்தான் இன்ஜின் நீர் குளிர்கிறது. கெட்டிப்பட்ட பாதையில் பனி கிளம்பாது, வெப்பமானி ஏறும், ட்ராக் சறுக்கும் பிளாஸ்டிக் பட்டைகளும் தேயும். ஐஸைக் கீறும் கம்பிகளை இறக்கிவிட்டால் தூள் எழும்பி இரண்டையும் காப்பாற்றும்.

கடைசியாக ஒரு மூடநம்பிக்கை. இன்ஜின் சத்தமும் கூச்சலும் பனிச்சரிவை வரவழைக்கும் என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று உரக்கக் கத்தினாலும் அழுத்தம் 2 பாஸ்கல் அளவுதான். மேலே கணக்கிட்ட ட்ராக்கின் அழுத்தமோ 5,000 பாஸ்கல். பனியின் அடியிலுள்ள பலவீனமான அடுக்கை உடைப்பது வண்டியின் எடைதான், அதன் ஒலி அல்ல. ஆபத்து பெரும்பாலும் 30 முதல் 45 பாகைச் சரிவுகளில். மலை ஸ்னோமொபைல் ஆசையோடு ஏறுவதும் அங்கேதான். சத்தத்துக்குப் பயந்து மெதுவாகப் பேசுபவர், அதே சரிவில் நாலு வண்டிகளை ஒன்றாக ஏற்றிவிடுவதைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது.

பனிச்சரிவு ஆய்வுக்கு அரசுகள் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கனடாவில் அவலாஞ்ச் கனடா அமைப்பு மலைவாரியாக முன்னறிவிப்பைப் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. இந்தியாவில் மணாலியில் வளர்ந்த பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் 2020-ல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் நிலப்பரப்பு ஆய்வகத்தோடு இணைந்து புவித்தகவல் ஆய்வு நிறுவனமாக மாறியது. 2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் புதைந்தவர்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் முகாமில் இருந்த 10 வீரர்கள்; ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்ட ஒருவரும் பிழைக்கவில்லை. உயர்மலைகளில் கூடுதல் வானிலைக் கருவிகளும், பனிக்குழி வெட்டி அடுக்குகளைப் படிக்கும் ஆட்களும் தேவை. இதை ஆடம்பரச் செலவு என்று ஒதுக்குவது சரியல்ல.

ஓட்டுபவர் செய்ய வேண்டியது வேறு. சரிவில் ஒரே நேரத்தில் ஒரு வண்டி மட்டும். ஒருவர் மேலே சிக்கிக்கொண்டால் அவருக்கு உதவ இன்னொருவர் அதே சரிவில் ஏறக் கூடாது. மற்றவர்கள் பனிச்சரிவு வரக்கூடிய பாதையிலிருந்து விலகி நிற்க வேண்டும். புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அதன்பின் அது வேகமாகச் சரிகிறது. அதனால் 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தேடுகருவி, துழாவுகோல், மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், வண்டியில் அல்ல, உடம்பில். கைபேசி போன்ற மின்கருவிகள் அந்தத் தேடுகருவியின் சமிக்ஞையைக் குழப்பும்: அனுப்பும் நிலையில் 20 செ.மீ., தேடும் நிலையில் 50 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். தேடத் தொடங்குமுன் வண்டிகளின் இன்ஜினையும் அணைத்துவிட வேண்டும்.