சாட்சி சொல்ல வராதவர்கள்

பாம்பு கடித்தவரிடமிருந்து எடுத்த இரண்டு மில்லி ரத்தம். அதைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைப்போம். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. கண்ணாடியில் பட்டால்தான் ரத்தம் ஒழுங்காக உறையும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் ஆகாது. நேரம் முடிந்ததும் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாக அடியில் நின்றால் மூச்சு விடலாம். தண்ணீர் மாதிரி வழிந்தால் கண்ணாடி விரியன் போன்ற பாம்பின் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும்.

குமரி மாவட்டத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு வெகு முன்பே எழுந்து, நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்குவார்கள். வெளிச்சம் மரத்தில் விழும். கால் வைக்கிற இடம் இருட்டு. அணலி என்று இங்கே சொல்லும் கண்ணாடி விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். கடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அந்த 20 நிமிடமும் வராந்தாவில் நிற்பார்கள். ஜெபமாலை உருட்டுகிறவர், நாகராஜாவைக் கூப்பிடுகிறவர், துஆ கேட்கிறவர் எல்லாரையும் அங்கே பார்த்திருக்கிறேன். யாரையும் தடுத்ததில்லை. தடுக்கவும் மாட்டேன்.

ஒருமுறை ஒரே ஆளின் உடம்பில் எல்லாம் இருந்தன. கணுக்காலில் மந்திரித்துக் கட்டிய கறுப்புச் சரடு, நெற்றியில் ஜெப எண்ணெய், சட்டைப் பையில் காகிதத்தில் மடித்த கோயில் மண். கடித்தது நாலரை மணிக்கு. எங்களிடம் வந்து சேர்ந்தபோது காலை பத்தைத் தாண்டிவிட்டது. குழாயைச் சாய்த்தேன், வழிந்தது. அவர் பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் கெட்டு வாரக்கணக்கில் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனதும் குடும்பத்தார் எல்லா இடத்துக்கும் நேர்ச்சை செலுத்தினார்கள். அந்த ஐந்தரை மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்னொரு நாள் உண்டு. அதைத்தான் எழுத வந்தேன்.

மழைக்காலம். ஒன்பது வயதுப் பிள்ளை தரையில் பாய் விரித்து அம்மாவோடு படுத்திருக்கிறாள். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வயிறு வலிக்கிறது என்கிறாள். ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், வாந்தி எடுத்திருக்கிறாள். நாலு மணி வாக்கில் கண் சொருகியது, பேச்சு குழறியது. பக்கத்தில் ஜெபக்கூட்டம் நடத்தும் ஒருவரை அழைத்து வந்தார்கள். பிள்ளையை அசுத்த ஆவி பிடித்திருக்கிறது என்று சொல்லி, தலையில் கை வைத்து விடியும் வரை ஜெபித்தார். பிள்ளை அசைவில்லாமல் ஆனபோது ஆவி அடங்குகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ஏழரை மணிக்கு ஆட்டோவில் எங்களிடம் வந்தபோது மூச்சு நின்றிருந்தது. தொண்டையில் டியூப் போட்டோம், நாற்பது நிமிடம் நெஞ்சை அமுக்கினோம். அன்று மதியம் பாய்க்குப் பக்கத்தில் அரிசிச் சாக்குக்கு அடியிலிருந்து கட்டுவிரியனை எடுத்தார்கள்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது. பல் பட்ட இடம் கொசு கடித்த மாதிரிகூட இருக்காது. வயிற்று வலியில்தான் பலருக்குத் தொடங்கும். இதன் விஷம் ரத்தத்தை விட்டுவிட்டு, நரம்பு தசையைத் தொடும் நுனியைத் தாக்கும். அதனால் கண்ணாடிக் குழாய் இங்கே உதவாது, இமையைத்தான் பார்க்க வேண்டும். முதலில் இமை இறங்கும், பிறகு நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சை இழுக்கும் தசை. நினைவு அதுவரை தப்பாது. அந்தப் பிள்ளை மயங்கிக் கிடக்கவில்லை. தன்னைச் சுற்றி நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். இமையைத் தூக்கத்தான் முடியவில்லை. மூச்சு நிற்பதற்கு முன் வெண்டிலேட்டரில் போட்டிருந்தால் அந்த நரம்பு நுனிகள் சில நாளில், சில வாரத்தில் தாமே சரியாகும். அப்படி நடந்து வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அதே ஜெபக்கூட்டத்தில் ஒரு இளைஞன் மைக் பிடித்துச் சாட்சி சொல்கிறான்: பாம்பு கடித்தது, ஜெபித்தார்கள், ஒரு சொட்டு விஷம் ஏறவில்லை. அவனை எனக்குத் தெரியும். அன்று எங்களிடமும் வந்தான். குழாயில் ரத்தம் உறைந்தது, இமை இறங்கவில்லை, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினோம். அவன் உடம்பில் விஷமே இறங்கியிருக்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததை மனதாரச் சொன்னான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. விஷம் ஏறுவது 18 முதல் 27 லட்சம் பேருக்கு. மீதிப் பேரைக் கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷப்பாம்பே பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போயிருக்கும். அதாவது கடிபட்டவர்களில் பாதிப் பேராவது எதுவும் செய்யாமலே பிழைப்பார்கள். மந்திரம் ஓதினாலும் பிழைப்பார்கள், விஷக்கல் வைத்தாலும் பிழைப்பார்கள், என்னிடம் வந்து சும்மா படுத்திருந்தாலும் பிழைப்பார்கள். கைராசியான வைத்தியர் என்று பெயரெடுக்க இந்தப் பாதி போதும்.

பிழைத்தவன் மேடையேறிச் சாட்சி சொல்கிறான். செத்தவர்கள் வருவதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலில் சிக்கிக் கரை திரும்பிய நம் மீனவர்களில் பலர் மாதா காப்பாற்றினாள் என்று கண்ணீரோடு சொன்னார்கள். சின்னத்துறையிலும் வள்ளவிளையிலும் திரும்பாமல் போனவர்களின் படகுகளிலும் அதே மாதா படம்தான் இருந்தது. அவர்கள் வீட்டுப் பெண்களும் அதே ஜெபமாலையைத்தான் உருட்டினார்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இரண்டு கணக்கையும் சேர்த்து வைக்காமல் எந்த நம்பிக்கையையும் உண்மை என்று சொல்ல முடியாது.

அந்த இன்னொரு கணக்கைத் தேடிப் போனவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதே இல்லை. வீட்டிலோ வழியிலோ போய்விடுவார்கள், எந்தப் பதிவேட்டிலும் பெயர் இருக்காது. ஆய்வாளர்கள் நாடு முழுக்க வீடு வீடாகப் போய், சாவு விழுந்த வீட்டில் உட்கார்ந்து, கடைசி நாளில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதினார்கள். 2020-இல் வெளியான முடிவுப்படி 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். செத்தவர்களுக்காகச் சாட்சி கேட்கப் போன வேலை என்று அதை நான் நினைத்துக்கொள்வேன். 2024-இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனியாவது ஒவ்வொன்றும் எண்ணிக்கையில் வரட்டும்.

நீ இந்து, அதனால்தான் ஜெபக்கூட்டத்தைக் குறை சொல்கிறாய் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலுக்குப் பெயரே நாகராஜா கோயிலால் வந்தது. ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய் நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் ஊற்றுவாள். கருவறை மண்தான் அங்கே பிரசாதம். அது எங்கள் வீட்டு விளக்கு மாடத்தில் இருக்கும்வரை யாரையும் பாம்பு தீண்டாது என்பாள். அந்தக் கோயில் மண்டபத் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். தலைக்கு மேல் நாகம் படமெடுத்து நிற்கும் பார்சுவநாதர் சமணத் தீர்த்தங்கரர். சமணர் வழிபட்ட இடம் அது என்று பிறகு படித்தபோதுதான் எனக்கு முதல் கேள்வி வந்தது. காக்கிறது யார்? அன்று கும்பிட்டவர்களுக்கு ஒருவர், இன்று எங்களுக்கு இன்னொருவர் என்றால், காவல் இருப்பது மண்ணிலா, கும்பிடுகிறவர் மனதிலா? பாம்பு பால் குடிக்காது, பழி வாங்க முகத்தை நினைவு வைத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அப்புறம் படித்தது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது என் கையில் முதலில் இறந்த பாம்புக்கடி நோயாளியின் வீட்டில் இருந்தும் அதே மண்ணைத்தான் கொண்டு வந்திருந்தார்கள். அன்று பாட்டியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜெபம் நோயை மாற்றும் என்பது உலகத்தைப் பற்றிய ஒரு கூற்று. அப்படியானால் சோதித்துப் பார்க்கலாம். பார்த்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கி, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். ஜெபிப்பார்கள், ஜெபிக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்ட இரண்டு பிரிவினரில், உண்மையில் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் சிக்கல் வந்தது. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம். ஜெபத்தில் நம்பிக்கை உள்ளவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

மருத்துவத்துக்கும் தோல்வி உண்டு. நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. மேற்குத் தொடர்ச்சி மலையோரத் தோட்டங்களில் மூக்கு நுனி தூக்கிய சிறிய குழிவிரியன் ஒன்று இருக்கிறது. அது கடித்தால் இந்த மருந்து கேட்காது. அந்த நோயாளியின் குடும்பத்திடம் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கிறேன். 1890-களில் ஆல்பர்ட் கால்மெட் முதன்முதலில் விஷமுறிவு மருந்து செய்தபோது, நல்ல பாம்புக்குச் செய்தது எல்லாப் பாம்புக்கும் கேட்கும் என்று நம்பினார். பிரேசிலில் விதால் பிராசில் சோதித்து, கேட்காது என்று காட்டினார். கால்மெட்டுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் சொல்லவில்லை, மருந்தைத்தான் மாற்றினார்கள். ஜெபக்கூட்டத்தில் அப்படி இல்லை. பிழைத்தால் ஜெபம் கேட்கப்பட்டது. செத்தால் விசுவாசக் குறைவு, இல்லாவிட்டால் தேவ சித்தம். எது நடந்தாலும் தோற்காத பேச்சை நான் எப்படி நம்புவது? என் கண்ணாடிக் குழாய் என் கணிப்பு தப்பு என்று என் முகத்துக்கு நேரே சொல்லும். அதனால்தான் அதை நம்புகிறேன்.

இதெல்லாம் மத உணர்வைப் புண்படுத்தும் என்கிறார்கள். பகத்சிங் தன் நாத்திகத்தைப் பற்றிச் சிறையில் எழுதியதைத் தமிழில் கொண்டுவந்த ஜீவா எங்கள் மாவட்டத்துப் பூதப்பாண்டிக்காரர். சாமியாடிகளின் ஏமாற்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன என்.எஸ். கிருஷ்ணன் ஒழுகினசேரிக்காரர். கேள்வி இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்ததல்ல. கடவுளை விட்டால்தான் ஆஸ்பத்திரிக்கு வரலாம் என்றும் நான் சொல்லவில்லை. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு அறுவை சிகிச்சை செய்த சோமர்வெல், 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போனவர், ஆழ்ந்த விசுவாசி. அவரைத் தேடி வந்தவர்களுக்கு அவர் கத்தியை எடுத்தார்.

பாம்பு கடித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோதிரம், கொலுசு, வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல அசையாமல் வையுங்கள். நடக்க விட வேண்டாம். கயிறு கொண்டு இறுக்க வேண்டாம், கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போய் இன்னொருவரும் கடிபட வேண்டாம். சிறுபிள்ளை என்பதற்காக மருந்தின் அளவைக் குறைக்க மாட்டோம், பயப்படாதீர்கள். பாம்பு சிறுபிள்ளைக்கென்று விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. தோட்டத்துக்குப் போகிறவர்கள் கம் பூட்ஸ் போடுங்கள். தரையில் படுக்கிறவர்கள் கொசுவலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுங்கள். இரவில் நன்றாக இருந்த பிள்ளை விடியலில் வயிறு வலி என்று எழுந்து, இமை இறங்கினால், ஆவி என்றோ தூக்கம் என்றோ நினைக்காதீர்கள். வண்டியைக் கூப்பிடுங்கள். ஜெபத்தை வண்டிக்குள் செய்துகொள்ளலாம்.

அந்தப் பிள்ளையின் அம்மா ஓராண்டு கழித்து என்னைப் பார்க்க வந்தார். வீட்டில் விசுவாசம் குறைந்ததால்தான் பிள்ளை போனாள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். உபவாசம் இருந்து உடம்பு பாதியாகியிருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எனக்க ஜெபத்துல என்ன கொறவு சாரே?"

"ஒரு கொறவும் இல்ல மக்களே. கடிச்சது கட்டுவிரியன். வயித்து வலியா வரும்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தரல. நாங்களும் சொல்லித் தரல."

அவர் வெகுநேரம் சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன மணிக்குக் கொண்டு வந்திருந்தா பொழச்சிருப்பா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மூச்சு இருக்கும்போது எப்ப வந்திருந்தாலும் வாய்ப்பு உண்டு" என்றேன். அவர் அழுதார். பிறகு, இமை இறங்குவதையும் வயிற்று வலியையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். பெரிய எழுத்தில் எழுதச் சொன்னார். பக்கத்து வீட்டில் இரண்டு சிறுபிள்ளைகள் தரையில்தான் படுக்கிறார்களாம்.