மண்ணை மாவாக்காதீர்கள்

போன வாரம் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு துவரைக் காட்டுக்குப் போயிருந்தேன். பத்து நாள் முன்புதான் நல்ல மழை. ஆனாலும் செடியெல்லாம் தலை தொங்கி நிற்கிறது. "மூணு தடவ ரொட்டவேட்டர் விட்டு மாவு மாதிரி ஆக்கினேன் சார், அப்புறமும் ஏன் இப்படி?" என்றார் அந்தக் காட்டுக்கார அண்ணன். ரொட்டவேட்டர் என்பது டிராக்டரில் மாட்டி ஓட்டும் சுழல் கத்திக் கலப்பை. ஒரு செடியைச் சுற்றித் தோண்டி எடுத்தோம். ஆணிவேர் அரை அடி நேராக இறங்கி, அங்கே மடங்கிப் பக்கவாட்டில் ஓடியிருந்தது. அதே இடத்தில் கடப்பாரையைப் போட்டால் 'டங்'கென்று எகிறுகிறது. இந்த மாதம் நான் பார்த்த நான்காவது காடு இது.

மாவு மாதிரி இருந்தால்தான் நல்ல உழவு என்ற நினைப்பைத் தயவுசெய்து விடுங்கள். விதைக்கு வேண்டியது பொலபொலப்பு, பொடி அல்ல. நம் செம்மண்ணைப் பொடியாக்கினால் ஒரு மழைக்கே மேலே ஓடு கட்டிவிடும். முளை முட்டி வெளியே வராது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு சரிவில் ஓடும். கேழ்வரகு, சாமை போன்ற பொடி விதைக்கே மேலாக 2 அங்குலம் நயமாக இருந்தால் போதும். ரொட்டவேட்டர் இறங்குவதே 4 முதல் 6 அங்குலம். வருஷா வருஷம் அதே ஆழத்தில் கத்தி சுழன்றால் அடியில் தளம் போட்டதுபோல் இறுகத்தான் செய்யும். அகல உழுவதை ஆழ உழு என்று சும்மாவா சொன்னார்கள்?

ரொட்டவேட்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. விதைப்புக்கு முன் ஒரு ஓட்டு, அவ்வளவுதான். கோடை மழை கிடைத்ததும் கொத்துக் கலப்பையால் (கல்டிவேட்டர்) சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். மேலே வரும் கூட்டுப்புழுவை மைனாவும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். அடிமண் இறுகியிருந்தால் 3 ஆண்டுக்கு ஒருமுறை, உளி போல ஆழமாகக் கீறி இறுகிய தளத்தை உடைக்கும் உளிக்கலப்பை விடுங்கள்: ஒன்றரை அடி ஆழம், அதே அளவு இடைவெளி, குறுக்கும் நெடுக்குமாக. மண் காய்ந்திருக்கும்போதுதான் விட வேண்டும். ஈரத்தில் விட்டால் கீறல் விழுமே தவிர, தளம் உடையாது. பிறகு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம்.

சேற்று ஈரத்தில் டிராக்டரை இறக்கவே இறக்காதீர்கள். ஒரு பிடி மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம், உருண்டையாகவே கிடந்தால் பொறுங்கள். வண்டிக்காரர் அடுத்த காட்டுக்குப் போக அவசரப்படுவார். அவருக்கு மணிக்கணக்கு, உங்களுக்கு மண். இன்னொன்று, கத்தியில் சுற்றிய கொடியை எடுக்க, வண்டியை அணைத்துச் சாவியைக் கையில் வாங்கிய பிறகே குனியுங்கள்.

அந்த அண்ணனின் இந்த வருஷத் துவரைக்கு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. அறுவடை முடிந்த கையோடு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் உளிக்கலப்பை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மடங்கிய அந்த வேரைத் திண்ணையில் எடுத்து வைத்திருக்கிறார்.