வேதாகமத்துக்குள் ஒளிந்திருந்த மாத்திரை அட்டை

சென்ற மாதம் என்னிடம் ஆலோசனைக்கு வந்த இளம் தாய் ஒருவர், கையிலிருந்த வேதாகமத்தைத் திறந்து, சங்கீதங்களின் நடுவிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பத்தில் மூன்று குழிகள் மட்டுமே கிழிந்திருந்தன. மனச்சோர்வுக்காக மனநல மருத்துவர் எழுதிக்கொடுத்தவை அவை. விசுவாசி மாத்திரையை நம்பலாமா என்று உபவாச ஜெபத்தில் ஒருவர் கேட்டதால் நான்காம் நாளே நிறுத்திவிட்டார். அடுத்த ஞாயிறு, சுகம் பெற்றதாகச் சபைக்கு முன் சாட்சியும் சொல்ல வைத்தார்கள். மைக்கைப் பிடித்து அப்படிச் சொன்னவர், மறுவாரமே மீண்டும் தூக்கம் கெட்டதை யாரிடம் போய்ச் சொல்வார்? நான்கு மாதங்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. (அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுகிறேன்.)

மதுரையிலும் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் குடும்பங்களிடையிலும் ஆலோசனைப் பணி செய்யும் எனக்கு, இப்படிப் பாதியில் நின்ற சிகிச்சைகளைப் பார்த்துப் பார்த்து மனம் ஆறவில்லை.

மனச்சோர்வு அவிசுவாசத்தின் அடையாளம் என்று போதிப்பவர்கள், 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை நிதானமாக வாசிக்க வேண்டும். கர்மேல் மலையில் தன் ஜெபத்துக்குப் பதிலாக அக்கினி இறங்கியதைக் கண்ணால் கண்ட எலியா தீர்க்கதரிசிதான், அதற்குச் சற்றுப் பின்னரே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறார். வந்த தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மீண்டும் உறங்கவிட்டான், மறுபடி எழுப்பி உண்ணச் சொன்னான். தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்ன பவுல், அவருடைய விசுவாசத்தைக் குறை கூறவில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் நம்மில் பலர் பிரசங்க பீடம் ஏறுகிறோம். மனதுக்கென்று எழுதித்தந்த மாத்திரை மட்டும் எப்படிப் பாவமாயிற்று?

இம்மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். முதல் நாட்களில் குமட்டல் மட்டுமே தெரியலாம். நெடுநாள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் தூக்கமின்மையும் வரக்கூடும். அதைக் கண்டு பிசாசு பிடித்துவிட்டது என்று மறுபடி ஜெபத்துக்கு இழுத்துச் செல்கிறார்கள்.

போதகர்களே, மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அது மருத்துவர் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு. சாட்சி சொல்ல அவசரப்படுத்தாதீர்கள். ஒருவர் கண்ணீரோடு சொன்னதை ஜெபக்குறிப்பு என்று வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நம்பிச் சொன்னவருக்கு அதைவிடப் பெரிய துரோகம் வேறில்லை. வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மதுரை இராசாசி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ஜெபத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. மருத்துவமனை வரிசையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தத் தாயின் சம்மதத்தோடு அவருடைய போதகரிடம் பேசினேன். வெகுநேரம் மௌனமாக இருந்தவர், மருத்துவரைப் பார்க்கும் நாளையும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.