இடைச்சுவர்க் குறை: ‘இதயத்தில் ஓட்டை’ என்பதன் சரியான பெயர்

எக்கோ (இதய ஸ்கேன்) முடிவுத் தாளில் ‘ஏஎஸ்டி’ என்றோ ‘விஎஸ்டி’ என்றோ எழுதியிருக்கும். அது வீடு வந்து சேர்வதற்குள் “குழந்தைக்கு இதயத்தில் ஓட்டையாம்” என்று ஆகிவிடும். இந்த இரண்டு எழுத்துச் சுருக்கங்களையும் பிரித்தால் ஏட்ரியல் செப்டல் டிஃபெக்ட், வென்ட்ரிக்குலர் செப்டல் டிஃபெக்ட். முதலாவது மேலறைகளுக்கு நடுவில், இரண்டாவது கீழறைகளுக்கு நடுவில். இரண்டிலும் பொதுவாக நிற்பது செப்டம், அதாவது இடைச்சுவர்.

செப்டம் லத்தீன் சொல். ‘சைப்பெஸ்’ என்றால் வேலி. அதிலிருந்து பிறந்த ‘சைப்டம்’ என்றால் அடைக்கப்பட்டது, வேலியிட்டது. பழைய ரோம் நகரில் மக்கள் வாக்களிக்கக் கூடிய அடைப்புக்கும் ‘சைப்டா’ என்றுதான் பெயர். பின்னாளில் உடற்கூற்றியலார் இரண்டு அறைகளைப் பிரிக்கும் எந்தத் தடுப்புக்கும் இதையே வைத்துக்கொண்டார்கள். ‘மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது’ என்கிறோமே, அந்தத் தண்டும் ஒரு செப்டம்தான். செப்டிக் டேங்க்குக்கும் இதற்கும் உறவில்லை. அது அழுகலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. செப்டம்பரும் சொந்தமில்லை, அது ஏழைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது.

இதயத்தின் இந்தச் சுவரைப் பற்றி ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், கீழறைச் சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருப்பதாகவும், ரத்தம் அவற்றின் வழியே வலமிருந்து இடம் கசிவதாகவும் சொன்னார். அதாவது, நல்ல இதயத்திலேயே ஓட்டை உண்டு என்பது பாடம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அதுதான் செல்லுபடியானது. 13ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு அல் நஃபீஸ், சுவர் தடித்தது, வழியே கிடையாது, ரத்தம் நுரையீரல் வழியாகச் சுற்றித்தான் இடப்பக்கம் போகிறது என்று மறுத்தார். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் உடற்கூற்றியலார் வெசாலியஸும் சந்தேகப்பட்டார். 1628இல் ரத்த ஓட்டத்தை விளக்கிய ஹார்வியின் நூல் வந்த பிறகே அந்தத் துளைகள் மெல்லக் காணாமல் போயின.

சரி, ‘டிஃபெக்ட்’ என்பதற்குத் தமிழில் என்ன? துளை, ஓட்டை, குறைபாடு, குறை எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. ஓட்டை என்றதும் முழுதாக இருந்த ஒன்று பிறகு பழுதாகிவிட்டது போலத் தோன்றுகிறது; பானை ஓட்டையாவதைப் போல. இங்கே எதுவும் உடையவில்லை. கருவின் தொடக்க வாரங்களில் வளர்ந்து ஒன்றோடொன்று சேர வேண்டிய சுவர்ப் பகுதிகள் முழுமையாகச் சேராமல் நின்றுவிட்டன, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கருவில் நம் எல்லோருக்குமே மேலறைச் சுவரில் ஒரு திறப்பு இருந்தது. அப்போது நுரையீரலுக்கு வேலையில்லை; ரத்தம் குறுக்கு வழியில் போகவே அந்த முட்டைவடிவத் துளை. பிறந்தபின் ஒரு மடல் அதை மூடி, ஒட்டிக்கொள்கிறது. பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது முழுதாக ஒட்டுவதில்லை. அதுவும் ‘ஓட்டை’, ஏஎஸ்டியும் ‘ஓட்டை’ என்றால் குழப்பம்தான். முன்னதில் சுவர் இருக்கிறது, ஒட்டவில்லை. பின்னதில் சுவரின் ஒரு பகுதியே இல்லை.

அதனால் எனக்குக் ‘குறை’தான் பொருத்தமாகப் படுகிறது. குறைமாதம், குறைப்பிரசவம் என்கிறோம். முழுமை பெறாதது என்ற பொருள் அதில் இயல்பாகவே இருக்கிறது. ‘குறைபாடு’ தவறில்லை, ஆனால் அயோடின் குறைபாடு, வைட்டமின் குறைபாடு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, ஏதாவது சத்து மருந்து கொடுத்தால் சரியாகும் போலத் தோன்றும்.

அறைகளின் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆரிக்கிள், வென்ட்ரிக்கிள். இலங்கையில் சோணையறை, இதயவறை. ஆரிக்கிள் என்றால் லத்தீனில் சின்னக் காது, சோணை என்றால் காதின் தொங்கும் நுனி. அழகான பொருத்தம். இருந்தாலும் இரு நாட்டாருக்கும் உடனே புரிவது மேலறை, கீழறைதான். ஆக, ஏஎஸ்டி என்பது மேலறை இடைச்சுவர்க் குறை, விஎஸ்டி கீழறை இடைச்சுவர்க் குறை. ‘பிரிசுவர்’ என்றாலும் சரியே.

பெயரோடு ஒட்டி வரும் ஒரு தப்பெண்ணத்தையும் சொல்லிவிடலாம்: ஓட்டை என்றால் குழந்தை நீலமாகும் என்பது. இடப்பக்கம் அழுத்தம் அதிகம் என்பதால், ரத்தம் இடமிருந்து வலத்துக்குப் பாய்ந்து நுரையீரலுக்குக் கூடுதலாகப் போகிறது, நீலம் பாரிப்பதில்லை. குறை பெரிதாக இருந்தால் பால் குடிக்கும்போதே மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும், எடை ஏறாது. ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்டு, நுரையீரல் நாளங்கள் இறுகி, பாய்ச்சல் திசை மாறினால்தான் நீலம் வரும். 1897இல் இதை விவரித்த மருத்துவர் ஐசன்மெங்கரின் பெயரே அந்நிலைக்கு நிலைத்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்புச் சத்தம் (மர்மர்) பலமாக இருந்தால் குறையும் பெரியது என்று நினைப்பதும் சரியில்லை. கீழறைச் சுவரில் சின்ன இடுக்கு வழியே பீறிடும் ரத்தம்தான் பெரும்பாலும் அதிகம் இரைகிறது. அப்படிப்பட்ட சிறு குறைகளில் பல தாமாகவே மூடிக்கொள்ளும்.

மூடாதவற்றைத் திறந்து தைக்கும் காலம் 1952இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் தொடங்கியது. ஐந்து வயதுச் சிறுமியின் உடலைக் குளிரவைத்து, அறுவை மருத்துவர் ஜான் லூயிஸ் மேலறைக் குறையைத் தைத்தார். மறு ஆண்டே ஃபிலடெல்ஃபியாவில் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு அதே வகைக் குறையை மூடினார். இன்று, இடமும் அளவும் ஒத்துவந்தால், தொடை ரத்தக்குழாய் வழியே ஒரு கருவியைச் செலுத்தியே அடைத்துவிடுகிறார்கள். மருத்துவர் ‘டிவைஸ் குளோஷர்’ என்று எழுதினால் இதுதான். ‘பேட்ச்’ என்றால் நெஞ்சைத் திறந்து ஒட்டுப்போடுவது.